பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் செவிலியர் படிப்பு: காரிமங்கலத்திலிருந்து ஒரு கேள்வி

காரிமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்த ஆண்டு அரசு மேல்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில், உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். 600-க்கு 438 மதிப்பெண். செவிலியர் படிப்பில்தான் சேர வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் உறவில் மருத்துவத் துறையை அறிந்தவர் எவரும் இல்லாததால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

ஊரிலேயே ஓராண்டு நர்சிங் பயிற்சி முடித்தால் அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்கிறார் மாமா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நடக்கும் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் பள்ளி ஆசிரியர். சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். இவற்றுக்கு நடுவில், பேருந்து நிலையத்தின் அருகே அலுவலகம் வைத்திருக்கும் ஏஜென்ட் ஒருவர், பெங்களூரில் பி.எஸ்சி. சீட் தயாராக இருக்கிறது, முதலாண்டுக்குச் சிறு தொகை கட்டினால் போதும், ஆனால் இந்த வாரத்துக்குள் முன்பணம் வேண்டும் என்று தினமும் தொலைபேசியில் அழைக்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முன்னாள் கண்காணிப்பாளர்

தம்பி, முதலில் அந்த ஏஜென்டின் அழைப்பை எடுக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும் பின்னர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்தப் படிப்புகளில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், படித்து முடித்ததும் உங்கள் தங்கையின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்நாட்டில் செவிலியராகப் பணிபுரிய மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் மன்றம். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. பாடத்திட்டத்தையும் பயிற்சித் தரத்தையும் வகுத்து வந்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. பெயர் மாறினாலும் பதிவு என்ற ஏற்பாடு போகப்போவதில்லை.

அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகும் வழிகள் மூன்றுதான். இரண்டாண்டு ஏ.என்.எம். படிப்பு கிராம சுகாதாரப் பணிக்கானது. மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பைத்தான் நம்மூரில் டிப்ளமோ நர்சிங் என்கிறோம். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு, நம் மாநிலத்தில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பின்னிரண்டையும் முடித்தவர்கள் செவிலியராகவும் மகப்பேறு தாதியாகவும் பதிவு பெறுகிறார்கள். அரசுச் செவிலியர் பணிக்கு இருவருமே விண்ணப்பிக்கலாம்.

மாமா சொல்லும் ஓராண்டுப் பயிற்சி இந்த மூன்றிலும் சேராது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பத்தாம் வகுப்பில் தவறியவர்களும் சேரலாம் என்று விளம்பரத் தட்டி வைத்திருக்கும் நிலையங்கள் தரும் சான்றிதழை எந்தச் செவிலியர் மன்றமும் பதிவு செய்யாது. அந்தப் பிள்ளைகளுக்குச் சிறு மருத்துவமனைகளில் வேலை கிடைப்பது உண்மைதான். வெள்ளை உடை அணிந்து, ஊசியும் போட்டு, உதவியாளர் சம்பளம் வாங்குவார்கள். ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் அவர்களைச் சட்டம் செவிலியராகப் பார்க்காது. அரசுத் தேர்வும் எழுத முடியாது, மேற்படிப்புக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் செல்ல முடியாது. பத்தாண்டு அனுபவம் சேர்ந்த பிறகும் முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்பார்கள். என் வார்டில் அத்தகைய பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கைத்திறனில் குறையே இருக்காது. அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

ஓசூர் ஐசியு

அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பி.எஸ்சி. முடித்து ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். சம்பளத்தைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரி விளம்பரங்களில் அது வராது.

உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்படி மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் ஒரு பரிந்துரை தந்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100-க்கு மேல் இருந்தால் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைவான படுக்கைகள் என்றால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்தப் பரிந்துரையை நம் வட்டாரத்துச் சிறு நர்சிங் ஹோமில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். படிப்பு முடித்துப் பதிவும் பெற்று வரும் பெண்ணுக்குக்கூட முதல் ஓரிரு ஆண்டுகள் அந்தத் தொகை கிடைப்பது அரிது.

எனவே படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்குகிறீர்கள் என்பதை, முதல் சம்பளம் இவ்வளவுதான் வரும் என்று வைத்துக்கொண்டே கணக்கிடுங்கள். எட்டு லட்சம் செலவழித்துப் படித்தவருக்கும், அரசு டிப்ளமோவில் ஏறத்தாழச் செலவே இல்லாமல் படித்தவருக்கும் எங்கள் மருத்துவமனையில் முதல் மாத ஊதியத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

ஊத்தங்கரை தகப்பன்

அந்த ஏஜென்ட் சொல்வதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஒரு கல்லூரியில் இதே போன்ற ஓர் ஏஜென்ட் மூலமாகச் சேர்ந்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த வகையில் பல இருக்கின்றன.

சேரும்போது சொன்ன கட்டணம் முதலாண்டுக்கு மட்டும் உண்மை. இரண்டாம் ஆண்டிலிருந்து தேர்வுக் கட்டணம், சீருடைக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் என்று புதுப்புதுப் பெயர்களில் கேட்டார்கள். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பயிற்சி இல்லாததைப் பொறுக்க முடியவில்லை. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை என்று காட்டிய கட்டடத்தில் உள்நோயாளிகளே இல்லை. மருத்துவமனைப் பயிற்சி நேரம் என்று பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, மாணவிகளை விடுதியிலேயே இருக்கச் சொன்னார்கள். பிரசவம் பார்க்க வேண்டிய எண்ணிக்கையைப் பதிவு நோட்டில் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார்கள். வெளியேறலாம் என்று பார்த்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்கள் அவர்களிடம். மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்றார்கள்.

மகள் படித்து முடித்துவிட்டாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஐ.வி. ஊசி ஏற்றவே மற்றவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று அவளே சொல்கிறாள்.

நர்சிங் டியூட்டர்

ஊத்தங்கரை ஐயாவின் வேதனை புரிகிறது. ஆயினும் பெங்களூர் என்றாலே ஏமாற்று என்ற முடிவுக்கு வருவது நியாயமில்லை. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், பெரிய மருத்துவமனைகளோடு இணைந்து மிகச் சிறப்பாக நடக்கும் கல்லூரிகளும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் ஆள் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. தமிழ்நாட்டிலும் நோயாளியே இல்லாத மருத்துவமனையைக் காட்டும் கல்லூரிகள் உண்டு. ஆகவே மாநிலத்தைப் பார்க்காமல், குறிப்பிட்ட கல்லூரியைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், முதலில் இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்புக்கு, நடப்புக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே தேட வேண்டும். ஏஜென்ட் காட்டும் படியெடுப்பு போதாது, அது பழைய ஆண்டினதாக இருக்கக்கூடும். கர்நாடகத்தில் சில கல்லூரிகள் மாநில மன்றத்தின் அனுமதியோடும் பல்கலைக்கழக இணைப்போடும் மட்டும் நடக்கின்றன, தேசியப் பட்டியலில் இருக்காது. அங்கே படித்தவர்களுக்கு வேறு மாநிலத்தில் பதிவை மாற்றும்போதும் கல்விக் கடன் கேட்கும்போதும் சிக்கல் வந்ததுண்டு. பதிவை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவது இப்போது தேசியச் செவிலியர் பதிவு அமைப்பின் தனி அடையாள எண் வழியாக நடக்கிறது என்பதால், அடிப்படைப் பதிவில் ஓட்டை இருந்தால் பிற்பாடு அடைக்க முடியாது.

அடுத்தது, நேரில் போங்கள். கல்லூரியின் முதல்வர் அறைக்குப் போகாதீர்கள், அது எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வேலை நாளில், காலை பத்து மணி போல, அந்த மருத்துவமனையின் பொது வார்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்தவரைப் போலச் சென்று, எத்தனை படுக்கைகளில் ஆள் இருக்கிறார்கள், மாணவிகள் வார்டில் நிற்கிறார்களா, அவர்களோடு ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். செவிலியர் கல்வியில் பாதிக்கு மேல் அந்த வார்டில்தான் நடக்கிறது. நூலகத்தில் ஆயிரம் புத்தகம் குறைந்தாலும் பரவாயில்லை, படுக்கையில் நோயாளி குறையக் கூடாது.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையில் தெளிவாகத் தடை செய்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இன்னும் கேட்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சேரும் முன்பே இதைக் கேட்டால் எதிரில் இருப்பவரின் முகத்தில் பதில் தெரிந்துவிடும்.

கடன் பிரிவு

வங்கியில் கல்விக் கடன் கோப்புகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சுருக்கமாக: நான்கு லட்சம் வரை குடும்பத்தின் பங்குத் தொகை தேவையில்லை, ஏழரை லட்சம் வரை கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் சொத்துப் பிணையம் இல்லாமல் வழங்க இடமுண்டு. செவிலியர் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரத்தைக் கட்டாயம் பார்ப்போம். அரசுக் கலந்தாய்வில் கிடைத்த ஒதுக்கீட்டு ஆணை இருந்தால் கோப்பு எளிதில் நகரும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் கேள்விகள் அதிகம். படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதைப் பலர் வட்டியும் இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கும். வட்டி மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா என்பதைக் கடன் வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி பெறுவார். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பட்டயப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் பொருந்தும்.

காரிமங்கலத்தான்

அனைவருக்கும் நன்றி. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீட் எழுதாமல் தமிழ்நாட்டில் நர்சிங் சீட் கிடைக்காது என்று கடைசியாக ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது உண்மையா?

இன்னொன்று. வீட்டில் இப்போது வேறு பேச்சு எழுந்திருக்கிறது. இரவுப் பணி, ஆண் நோயாளிகள், ஊர் விட்டு ஊர் போவது என்று மாமா அடுக்குகிறார். மூன்றாண்டு, நான்காண்டு என்று படிக்க வைத்தால் வரன் தள்ளிப்போகும் என்கிறார். அப்பா வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நர்சிங் டியூட்டர்

நீட் பற்றி அவர் சொன்னது தவறு. தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாட மதிப்பெண்களைக் கொண்டுதான் நடக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும்; தேசியக் கவுன்சிலின் குறைந்தபட்சத் தகுதி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, பட்டியல் பிரிவினருக்கு 40 விழுக்காடு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நீட் மதிப்பெண் கேட்பது ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில். எய்ம்ஸ் நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

விண்ணப்பங்களை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு இணையவழியில் வாங்குகிறது. பி.எஸ்சி.க்கு ஒரு விண்ணப்பம், டிப்ளமோவுக்கு வேறொரு விண்ணப்பம். இரண்டின் அறிவிப்பும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதிலும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்து ஓராண்டை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

முன்னாள் கண்காணிப்பாளர்

தம்பி, உங்கள் மாமாவுக்கு நான் பதில் சொல்கிறேன். வேண்டுமானால் படித்துக் காட்டுங்கள்.

நம் இரு மாவட்டங்களின் கதை எனக்குத் தெரியும். பெண் சிசுக்களைக் காக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கு விரிந்தபோது நான் பணியில் இருந்தேன். பதினெட்டு நிறைவதற்குள் மணமுடிக்கப்பட்டு, ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வந்து சேரும் பெண்களைப் பென்னாகரத்திலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் இன்றும் பார்க்கிறோம். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் நிற்பவள் யார்? ஒரு செவிலிதான். இரவுப் பணி கௌரவக் குறைவு என்பவர்கள், தம் வீட்டுப் பிரசவத்தின்போது மட்டும் இரவில் செவிலி இல்லை என்றால் மருத்துவமனையையே இரண்டாக்கிவிடுவார்கள்.

வரன் பற்றிய பேச்சுக்கு என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்: படிக்கும் வரை 'நர்சுப் பெண்ணா' என்று கேட்டவர்களே, அரசுப் பணி ஆணை வந்த வாரத்தில் தரகரை அனுப்பினார்கள். அப்படி வருகிறவர்களுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று அப்போது யோசித்துக்கொள்ளலாம்.

அப்பாவிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். மாமா இருக்கும்போது பேசாதீர்கள்.

ஓசூர் ஐசியு

இரவுப் பணியைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. கடினம்தான். பெரும்பாலான இடங்களில் காலை, மாலை, இரவு என்று மூன்று பணி முறைகள். ஆள் பற்றாக்குறை உள்ள தனியார் இடங்களில் பன்னிரண்டு மணி நேர முறை. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது நியதி. எங்களில் ஒருவருக்கே அப்படிப்பட்ட இரண்டு மூன்று நோயாளிகளைத் தருவார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை, வார்டுக்குள் இருப்பதைவிட இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழிதான் எனக்கு அச்சம் தந்திருக்கிறது. வேலைக்குச் சேரும்போது விடுதி மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கிறதா, இல்லையென்றால் வண்டி விடுகிறார்களா என்று கேட்டுச் சேர வேண்டும்.

மொழி இன்னொன்று. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் நோயாளிகள் மிகுதி. கிருஷ்ணகிரியில் உருதும் வேண்டியிருக்கும். எங்கே வலிக்கிறது, எப்போது சாப்பிட்டீர்கள், மூச்சு விடுங்கள் என்பதை நான்கு மொழிகளில் கேட்கத் தெரிந்த செவிலியருக்கு எங்கள் வட்டாரத்தில் தனி மதிப்பு. உங்கள் தங்கைக்கு அது தானாக வந்துவிடும்.

மஸ்கட் நண்பர்

பாலக்கோட்டைச் சேர்ந்தவன், ஆண் செவிலியன், ஓமனில் இருக்கிறேன். எல்லோரும் உள்ளூரையே பேசுகிறீர்கள். பி.எஸ்சி. முடித்து, இரண்டாண்டு நல்ல மருத்துவமனையில் அனுபவம் பெற்று, ஆங்கிலத் தேர்விலோ ஜெர்மன் மொழியிலோ தேறிவிட்டால் குடும்பத்தின் நிலையே மாறும். வளைகுடாவுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் என்ற கணினி வழி உரிமத் தேர்வும், பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி மொழித் தேர்வோடு கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 நிலை மொழியறிவு. டிப்ளமோ முடித்தவர்களும் வருகிறார்கள், ஆனால் பட்டம் இருந்தால் கதவுகள் அதிகம். ஆகவே கடன் வாங்கியாவது பி.எஸ்சி. சேர்ப்பதுதான் என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு, சவூதி, குவைத், ஓமன், கத்தார், அமீரகம் உட்பட, இந்தியச் செவிலியர்களைத் தேர்வு செய்து அனுப்பும் வேலை 2015 முதல் குறிப்பிட்ட அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்று எவராவது சொன்னால், உங்களைத் தேடி வந்த பேருந்து நிலைய ஏஜென்டின் உறவினர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் கண்காணிப்பாளர்

மஸ்கட் தம்பி, நீங்கள் உழைத்து முன்னேறியவர், மகிழ்ச்சி. ஆனால் இன்னும் ஊசியையே கையில் பிடிக்காத பெண்ணின் தலையில் வெளிநாட்டுக் கணக்கை ஏற்றிக் கடன் வாங்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பில் பி.எஸ்சி. பட்டம் பெறலாம். ஓராண்டு கூடுதலாகும், அவ்வளவுதான். அதற்குள் சம்பளமும் அனுபவமும் கையில் இருக்கும்.

டிப்ளமோவை நிறுத்திவிடுவார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் பெரிதாகப் பேசப்பட்டது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்களில் செவிலியர் பணிக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வைக்கூட டிப்ளமோ முடித்தவர்கள், 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் இருந்தால் எழுதலாம். தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய்.

அரசு வேலை என்றதும் உடனே நிரந்தரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015 முதல் செவிலியர்களை எழுத்துத் தேர்வு நடத்தி ஒப்பந்த முறையில் எடுத்தது. 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கியவர்கள் போராடிப் போராடித்தான் அது 18,000 வரை வந்தது. காலியிடம் வரும்போது மூப்புப்படி நிரந்தரம் ஆக்குவார்கள், காத்திருப்பு நீளம். இதையும் தெரிந்தே வர வேண்டும்.

இரண்டாமாண்டு

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் இருப்பவள். அரூர்ப் பக்கம் எங்கள் ஊர். தங்கைக்கு உதவக்கூடும் என்று முதலாண்டைப் பற்றி எழுதுகிறேன்.

உடற்கூறியல்தான் முதலில் மிரட்டும். எலும்புகளின் பெயர்களும் தசைகளின் பெயர்களும் ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்கும். தமிழ் வழி மாணவிகள் முதல் உள்தேர்வில் பெரும்பாலும் தவறினோம், இரண்டாவதில் தேறினோம். படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்ப்பது, வாய் சுத்தம் செய்வது என்று தொடங்குவார்கள். மலசலப் பாத்திரம் எடுக்கும் நாள் வரும். அன்று அழுதவர்களும் இருக்கிறார்கள், நான் அழவில்லை, சாப்பிடத்தான் முடியவில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. வார்டுக்குப் போகும் முன்பே முதல் தவணையைப் போட்டுக்கொண்டால் நல்லது, மூன்றாவதற்கு ஆறு மாதம் ஆகும்.

தொப்பூர் கணவாயில் லாரி விபத்து என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நாளில் மூத்த செவிலியர்கள் யாருக்கு முதலில் கை வைப்பது என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்ததைக் கண்டேன். பெரிய அரசு மருத்துவமனையில் படிப்பதன் பயன் அதுதான். எந்தத் தனியார் கல்லூரியிலும் இத்தனை வகை நோயாளிகளைப் பார்க்க முடியாது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுத விரும்பவில்லை.

அவருடைய தங்கை

வணக்கம். அண்ணன் இந்த இழையை எனக்குக் காட்டினார். எல்லோரும் எனக்காக இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

வெளிநாடு பற்றி நான் யோசித்ததில்லை. எங்கள் ஊரில் பாட்டிக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஓர் அக்கா மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது நான் நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் அக்கா, பாட்டியின் கால் புண்ணைப் பார்த்து, சேலம் வரை போக வேண்டாம், நானே தினமும் கட்டு மாற்றுகிறேன் என்று சொல்லி ஆற்றியும் விட்டார். அந்த வேலைதான் எனக்கு வேண்டும். அதற்கு ஏ.என்.எம். போதுமா, டிப்ளமோவா, பி.எஸ்சி.யா என்பதை யாரும் சொல்லவில்லை. அரசு டிப்ளமோவும் தனியார் பி.எஸ்சி.யும் இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது.

முன்னாள் கண்காணிப்பாளர்

வா அம்மா. இத்தனை பேர் பேசியதில் உன் குரலைத்தான் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பார்த்த அந்த அக்கா அநேகமாக இடைநிலை சுகாதாரப் பணியாளராக இருப்பார். துணை சுகாதார நிலையங்களில் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்த செவிலியரைத்தான் அந்த இடத்தில் அமர்த்துகிறார்கள். அதுவும் இப்போதைக்கு ஒப்பந்தப் பணியே. ஏ.என்.எம். முடித்தவர் கிராம சுகாதாரச் செவிலியர் ஆகலாம்: கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி என்று அதுவும் பெரிய பணி. ஆனால் உன் மதிப்பெண்ணுக்கும் அறிவியல் பிரிவுக்கும் ஏ.என்.எம். படிப்போடு நிற்க வேண்டிய தேவை இல்லை. பின்னால் மேலே போக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

என் வரிசை இதுதான். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி பி.எஸ்சி. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. சென்னை, செங்கல்பட்டு, சேலம், மதுரை, தேனி, சிவகங்கை என்று நெடுங்காலமாக இருந்தவை சில. மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடெங்கும் 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால், விருப்பப் பட்டியல் நிரப்பும் நாளில் புதிதாக ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று பார். 438 மதிப்பெண்ணுக்கு அது கடினம் என்றே நினைக்கிறேன், ஆயினும் சமூகப் பிரிவைப் பொறுத்து மாறும். இரண்டாவது, அரசு டிப்ளமோ; உதவித்தொகையும் தருகிறார்கள். மூன்றாவதுதான் தனியார் பி.எஸ்சி., அதுவும் கலந்தாய்வு வழி, டியூட்டர் சொன்னபடி வார்டைப் பார்த்த பிறகு. இரண்டும் மூன்றும் ஒன்றாகக் கையில் வந்தால், உங்கள் வீட்டு நிலைக்கு நான் டிப்ளமோவைத்தான் சொல்வேன்.

நர்சிங் டியூட்டர்

அக்காவின் வரிசையில் எனக்கு ஒரு சிறு திருத்தம். சேலத்திலோ கோவையிலோ பெரிய கற்பித்தல் மருத்துவமனையோடு இணைந்த தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்து, கட்டண நிர்ணயக் குழு வகுத்த கட்டணத்தையே வாங்கினால், நான்கு லட்சத்துக்குள் கடன் முடியும் என்றால், பி.எஸ்சி.யைத் தள்ள மாட்டேன். ஆசிரியப் பணிக்கும் எம்.எஸ்சி.க்கும் அது நேர்வழி. இதில் நாங்கள் இருவரும் உடன்படப் போவதில்லை.

காரிமங்கலத்தான்

அப்பாவிடம் நேற்று தோப்பில் வைத்துத் தனியாகப் பேசினேன். மாமா வருவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடு என்றார். இரண்டு விண்ணப்பங்களுக்கும் என்னென்ன சான்றிதழ் தயாராக வேண்டும்?

இரண்டாமாண்டு

அண்ணா, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் இவை போக, இருப்பிடச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்; வருவாய் ஆய்வாளரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அவை நிற்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் தனியாக வாங்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். என் ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் சரிபார்ப்பு நாளில் சென்னையிலிருந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தேன். தங்கைக்கு என் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், உடற்கூறியல் குறிப்புகள் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.